மூன்று மஞ்சள் அட்டையும் பதினோராவது பூச்சியும்

ஒட்டாங்காட்டில் மாசிலாமணி, வெள்ளைச்சாமி, அடைக்கலம் என்று மூன்று அண்ணன் தம்பிகள். மூவருக்கும் சேர்த்து அறிவு எவ்வளவு என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. அவர்களுடைய தைலமரம் இருநூற்றுப் பதினான்கு. அதை நான் எண்ணியிருக்கிறேன்.

தை பிறந்ததும் மரம் ஏற்ற லாரி வரும். மரம் விற்றால்தான் ஒழுகுகிற வீட்டுக்கு ஓடு மாற்றலாம். அந்த நேரம் பார்த்து இலைகள் மஞ்சளாகிச் சுருண்டன. இலையெல்லாம் பிசுபிசுப்பு, சர்க்கரை சிந்தியது போல வெள்ளைப் பொட்டுகள், வரிசையாக எறும்பு.

பார்க்க வந்த அதிகாரி அம்மா, “சாறு உறிஞ்சுற பூச்சிங்க” என்றார். பசை தடவிய மஞ்சள் அட்டைகளை மூன்று மரத்தில் கட்டினார். “தினமும் எண்ணுங்க. பத்துக்கு மேல ஒட்டினா வேப்பெண்ணெய்க் கரைசல் அடிங்க.”

மறுநாள் ஒவ்வோர் அட்டையிலும் சரியாகப் பத்து.

“பத்தைத் தாண்ட விடாதீங்கடா!” என்றான் மூத்தவன் மாசிலாமணி.

ஆளுக்கொரு மரம், ஆளுக்கொரு முறம். அட்டைப் பக்கம் வந்த பூச்சியையெல்லாம் விசிறி இலைக்கே அனுப்பினார்கள். ஒன்பது நாள்.

பத்தாம் நாள் அதிகாரி வந்தார். “என்னங்க, தோப்பே மொட்டையாகுது?”

“தோப்பு கிடக்குது மேடம். அட்டையைப் பாருங்க, பத்தேதான்!”

“இன்னைக்கே மருந்து அடிக்கலைன்னா ஒரு மரமும் விலைபோகாது” என்று தலையில் அடித்துக்கொண்டு போனார்.

“அடிக்கணும்னா பதினொண்ணு வேணுமே” என்றான் இரண்டாமவன் வெள்ளைச்சாமி.

“வாங்க, வாங்க” என்று பூச்சிகளைக் கூப்பிட்டார்கள். ஒன்றும் வரவில்லை.

“ஒன்பது நாள் விரட்டிட்டு இன்னைக்குக் கூப்பிட்டா எவன் வருவான்?” என்ற அடைக்கலம் யோசித்து, தன் மீசையை அட்டையில் அழுத்தினான். “எண்ணுண்ணே!”

“பதினொண்ணு!” மாசிலாமணி மருந்து நிரப்பிய தெளிப்பானைத் தூக்கினான்.

“இருண்ணே, என் அட்டையில பத்துதானே? இந்தப் பக்கம் அடிச்சா தப்பு” என்று வெள்ளைச்சாமி கன்னத்தை ஒட்டினான். நியாயம்தான் என்று மாசிலாமணியும் தெளிப்பானை இறக்கிவிட்டு, தன் மரத்துக்குப் போய்த் தாடியை ஒட்டிக்கொண்டான்.

மூன்று அட்டையிலும் பதினொன்று. நடுவில் நிரம்பிய தெளிப்பான்.

“சரி, இப்ப யார் அடிக்கிறது?”

முகத்தை எடுத்தால் மறுபடி பத்தாகிவிடுமே என்று மூவரும் அட்டையை விட்டு அசையவில்லை. அப்போது ஒரு பூச்சி மெல்லப் பறந்து அடைக்கலத்தின் அட்டையை நோக்கி வந்தது.

“அண்ணே, பன்னெண்டாவது வருது!”

“விடாதடா! ஆபீசரம்மா கேட்டது பதினொண்ணுதான்!” என்று மாசிலாமணி கத்தினான்.

அடைக்கலம் மீசை ஒட்டியபடியே முறத்தை எடுத்து விசிறத் தொடங்கினான்.