முழங்காலுக்குள் போன ஜெல்

ஒரு மருத்துவமனையின் குளிர்பெட்டியில் ஒரு ஜெல் இருந்தது. குளிரில் தண்ணீராக ஓடும், உடம்புச் சூட்டில் அல்வாவாக உறையும். அதன் வயிற்றுக்குள் ஒரு மருந்து. தன் வீரத்தில் மருந்துக்கு அபார நம்பிக்கை.

போக்குவரத்துக் காவலர் ரெஜினாவின் வலது முழங்காலில் வலி குடியேறி ஒரு வருடம் ஆகியிருந்தது. நாற்சந்தியில் எட்டு மணி நேரம் நிற்பவருக்குக் கால்தானே எல்லாம்? ஏற்கெனவே ஒரு சாதாரண ஊசி போட்டுப் பார்த்தார்கள். அன்றே துள்ளி நடந்தார். மூன்றாம் நாள், வெளியூர் போய் வந்ததுபோல வலி திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்த முறை டாக்டர் அன்வர் ஜெல்லை ஏற்றினார். அது மூட்டுக்குள் போய் உறைந்தது.

"கதவைத் திற!" என்று மருந்து குதித்தது. "ஒரே அடியில் முடித்துவிட்டு வருகிறேன்."

"இன்றைக்கு ஒரு சொட்டு" என்றது ஜெல். "நாளைக்கு இன்னொன்று."

வலி கொட்டாவி விட்டது. "சண்டைக்கு வந்தீர்களா, பந்தி பரிமாற வந்தீர்களா?"

"உனக்கு அவசரமா?" என்று ஜெல் கேட்டது. "எனக்கு இல்லை."

பத்தாம் நாள் ரெஜினா டாக்டரிடம் வந்து நின்றார். "என்ன டாக்டர் ஊசி இது? போட்டதே தெரியலையே. போன தடவை அன்னைக்கே சுகமா இருந்துச்சு."

"கொஞ்சம் பொறுங்கம்மா. மெதுவாத்தான் கேக்கும்."

"மெதுவாவா? ஸ்டேஷன்ல மேஜை வேலைக்கு மாத்தப் போறாங்க. நான் ரோட்டுல நிக்கணும் டாக்டர்."

மருந்துக்கு மானம் போயிற்று. "கேட்டாயா? உன்னால்தான் எனக்குக் கெட்ட பெயர்!"

ஜெல் தன் வேலையைப் பார்த்தது. அன்றைய சொட்டை விட்டது. விட விடத் தானும் கரைந்தது. இருபதாம் நாள் வீக்கம் வடிந்தது. முப்பதாம் நாள் வலிக்கு உட்கார இடம் போதவில்லை. நாற்பதாம் நாள், சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிப் போனது.

அடுத்த வாரம் ரெஜினா சீருடையில், விசில் கழுத்தில் தொங்க, மாடிப்படி ஏறியே வந்தார். முழங்காலில் ஜெல் கடுகளவு மிச்சம். அதற்குள் மருந்தின் கடைசிச் சொட்டு மாலைக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது.

"எப்படிம்மா இருக்கு?"

"சுத்தமா போயிருச்சு டாக்டர்! பக்கத்து வீட்டு அமலி ஒரு பச்சைத் தைலம் குடுத்தா. நாலே நாள் தேய்ச்சேன். என்ன இருந்தாலும் தைலம் தைலம்தான்!"

மருந்து நீட்டிய கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. ஜெல் அந்தக் கடுகையும் கரைத்துக் கடைசிச் சொட்டை விட்டது.

டாக்டர் அன்வர் பேனாவை மூடினார். பிறகு கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அந்தத் தைலம் எங்கம்மா கிடைக்கும்? எனக்கும் இடுப்பு வலி."