இரும்புக்குக் கயிறு கட்டிய புஷ்பலீலா

வலை முடையும் புஷ்பலீலாவுக்குப் புருஷன் விட்டுப்போன ஒரே சொத்து ஒரு விசைப்படகு. மீன்பிடித் தடைக்காலம் முடியப் பத்து நாள் இருக்கையில் அதன் இன்ஜின் படுத்துவிட்டது.

பெரிய மெக்கானிக் தங்கதாஸ் கழற்றிக்கூடப் பார்க்காமல் உதட்டைப் பிதுக்கினார். “செத்துப்போச்சும்மா. புதுசுதான் போடணும். இந்த இரும்பை நானே தூக்கிட்டுப் போறேன்.”

புதுசு வாங்கப் படகையே அல்லவா விற்க வேண்டும்?

“உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி சிரமம்? மீன் அண்டுறதுக்குப் பழைய இரும்பைக் கடல்ல போடுறோம்லா, இதையும் போட்டுருவோம்” என்றவள், நாலு பேரைக் கூப்பிட்டுக் கயிறு கட்டச் சொன்னாள்.

தங்கதாஸ் குறுக்கே பாய்ந்தார். “விடுங்கலே, உப்புத்தண்ணி பட்டா கெட்டுப்போகும்.”

“செத்தது இன்னும் எப்படி அண்ணாச்சி கெடும்?”

நாலு பேரும் சிரித்துவிட்டார்கள்.

“பிஸ்டனும் ரிங்கும் மாத்தினா தடை முடிஞ்ச முதல் நாளே தொழிலுக்குப் போயிரலாம்” என்றார் தங்கதாஸ், ஸ்பானரைத் தேடிக்கொண்டே.