முதலில் எந்தக் கால்?

மடத்துத் தோட்டக் கிணற்றில் ஏற்றம் போட்டிருந்தார்கள். உயரத்தில் கிடக்கும் நீண்ட மரத்தில் ஓர் ஆள் கிணற்றுப் பக்கம் நடந்தால், தண்ணீர் மொள்ளும் சால் உள்ளே இறங்கும். திரும்பிப் பின்பக்கம் நடந்தால் மேலே வரும்.

வைரவன் நாலு வருடமாக அதில் நடக்கிறார். வயது நாற்பது. இன்றைக்கும் பக்கத்தில் கைப்பிடியாகக் கட்டிய மூங்கிலை இறுகப் பிடித்துக்கொண்டு, காலையே பார்த்தபடிதான் நடப்பார். போன ஐப்பசியில் மடத்துக்கு வந்த சோலையப்பனோ கையை வீசிக்கொண்டு, பாடிக்கொண்டே போய்வந்தான்.

"இவன் நடக்கிறதே தெரியலையே!" என்று குரு ஒருநாள் சிரித்துவிட்டார்.

அவ்வளவுதான். வைரவனுக்குச் சோறு இறங்கவில்லை. நாலு வருடத்தில் தன்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரா இந்த மனுஷன்?

மறுநாள் காலை, மரத்தில் ஏறப்போன சோலையிடம் தேனொழுகக் கேட்டார்.

"தம்பி, திரும்பும்போது எந்தக் காலை முதல்ல வைப்பே?"

"தெரியலையேண்ணே. பாத்துச் சொல்றேன்."

நல்ல பிள்ளை, சொன்னபடியே பார்த்தான். பாட்டு நின்றது. கிணற்றுப் பக்கம் போய்த் திரும்பும்போது காலோடு கால் தட்டி, தொப்பென்று கிணற்றுக்குள் விழுந்தான். அவனுக்கு நீச்சல் தெரியாது.

"அண்ணே!"

வைரவன் மரத்தில் ஏறி ஓடினார். சால் இறங்கியது.

"பிடிடா! சாலைப் பிடிடா!"

பாரம் தெரிந்ததும் திரும்பிப் பின்பக்கம் ஓடினார். சாலைக் கட்டிக்கொண்டு சோலை மேலே வந்தான். சத்தம் கேட்டு வந்த குரு அவனைக் கரையில் இழுத்துப் போட்டார்.

"அண்ணன் கேட்டாருன்னு காலைப் பாத்தேன் சாமி... தட்டிடுச்சு," என்றான் சோலை, இருமிக்கொண்டே.

வைரவன் இறங்கி வந்து குருவின் காலில் விழுந்தார்.

"பொறாமையிலதான் கேட்டேன் சாமி. இனி நான் இங்க இருக்கக் கூடாது. அனுப்பிடுங்க."

"ஓடும்போது மூங்கிலைப் பிடிச்சியா?"

வைரவன் யோசித்தார். "இல்லீங்க சாமி."

"சரி, போ. திரும்பும்போது எந்தக் காலை முதல்ல வச்சேன்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

வைரவன் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். "தெரியலையே சாமி," என்றார்.