நல்லுசாமியின் பின்சீட்

கொல்லிமலைச் சாலையில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து மேலே பிரிகிற செங்குத்தான பாதையின் முடிவில் ஒரு குடில் இருந்தது. அதில் ஒரு பெண் துறவி இருந்தார். அவரை அம்மை என்பார்கள். துறவுக்கு முன் நாமக்கல்லில், லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதியவர். ஞானிகளுக்கு முன்கதை கூடாது என்று நினைப்பவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போகலாம்.

அவருடைய சீடர்களில் நல்லுசாமி வயதில் மூத்தவர். கூட்டுறவு வங்கியில் கேஷியர். தன்னைவிட இளையவரின் காலில் விழ முதலில் கூச்சப்பட்டார், பிறகு பழகிவிட்டது. எதற்கும் வாய் திறக்காதவர் என்று பெயர். புல்லட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் அந்த வாயை மூடவைப்பது கஷ்டம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வருவது முதலில் ஆடுகளுக்குத்தான் தெரிந்தது. பாதையோரம் மேய்ந்துகொண்டிருந்தவை புதருக்குள் ஓடின. வண்டியில் போட்டிருந்த சைலன்ஸர் அப்படி.

நல்லுசாமி வண்டியை நிறுத்திவிட்டு வந்து வணங்கினார்.

"அம்மா, ஒரு கேள்விங்க."

"கேளுங்க."

"ஒரு வண்டியை அழகு பண்றதுக்கு இவ்வளவு செலவு பண்றது சரிதானுங்களா?"

"எவ்வளவு?"

நல்லுசாமி சொன்னார். அந்தத் தொகையை இங்கே எழுதினால் படிக்கிறவர்கள் அதையே நினைத்துக்கொண்டிருப்பார்கள். வண்டி வாங்கிய விலையைவிட அதிகம் என்று தெரிந்தால் போதும்.

அம்மையின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "வாங்க, பார்க்கலாம்" என்று எழுந்தார்.

இருவரும் வண்டியிடம் போனார்கள். நல்லுசாமி ஒவ்வொன்றாகக் காட்டினார். கொம்பு மாதிரி உயர்ந்த ஹேண்டில்பார். தடித்த பின்டயர். வெளியூரிலிருந்து வரவழைத்த ஹெட்லைட். டேங்க்கின் மேல் மட்டும் கையை வைக்காமல் ஒரு சாண் மேலே நிறுத்திக் காட்டினார்.

"மயில் கழுத்துக் கலருங்க. கோயமுத்தூர்ல இதை அடிக்கிறவரு ஒருத்தருதான் இருக்காரு. அவருக்காகக் காத்துக் கிடந்து அடிச்சேன். வெயில்ல பாருங்க, பச்சையா தெரியும். நிழல்ல நீலம்."

அம்மை வெயிலில் நின்று பார்த்தார். நிழலுக்கு நகர்ந்தும் பார்த்தார்.

"நல்லா இருக்கு" என்றார்.

உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. எனக்கு வண்டி என்றாலே ஆகாது, இருந்தும் சொல்கிறேன்.

நல்லுசாமிக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. "திட்டுவீங்கன்னு நினைச்சு வந்தேனுங்க."

"எதுக்கு?"

"இந்த வயசுல என்னடா ஆசைன்னு."

"திட்டினா என்ன பண்ணுவீங்க?"

நல்லுசாமி யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவர். "ரெண்டு நாள் மனசு ஒரு மாதிரியா இருக்கும். அப்புறம் சரியாப் போயிடும்."

"செலவு பண்ணுங்கன்னு சொன்னா?"

"நிம்மதியாப் பண்ணுவேனுங்க."

"எப்படியும் பண்ணத்தான் போறீங்க. நடுவுல நான் எதுக்கு?"

நல்லுசாமி டேங்க்கில் இல்லாத ஒரு தூசியைத் துடைத்தார். பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தார். இப்படி வந்து சேர அவருக்கு எப்போதும் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

"இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்குதுங்கம்மா. நாளைக்குக் காலையில சேலத்துல பட்டறைக்கு விடணும். பின்சீட்டைத் தாங்குற இரும்புச் சட்டத்தை அறுத்து எடுத்துட்டு, ஒத்தை சீட்டா ஆக்கணும். அதோட எல்லாம் முடிஞ்சுதுங்க. அப்பத்தான் வண்டிக்கே ஒரு லட்சணம் வரும்."

அம்மை குனிந்து சட்டத்தைப் பார்த்தார். "அறுத்தா, திரும்ப வெல்டிங் வெச்சுச் சேர்க்க முடியுமா?"

"சேர்க்கலாம். பழைய பலம் இருக்காதுங்க. ஒருத்தர் உட்கார்ற எடையைத் தாங்காது. அதான், அறுக்கிறதுக்கு முன்னால உங்க காதுல ஒரு வார்த்தை..."

"பின்னாடி யாரு உட்காருவாங்க?"

"இப்ப யாரும் உட்கார்றதில்லைங்க."

"முன்ன?"

"பூங்கொடிதானுங்க. எங்க வீட்டுல."

"வண்டி வாங்கின புதுசுல எங்கெல்லாம் போனீங்க?"

இதற்கும் வண்டிச் செலவுக்கும் என்ன சம்பந்தம் என்று நல்லுசாமிக்குப் புரியவில்லை. ஆனால் கேட்டவுடன் முகம் மலர்ந்தது.

"எங்கதான் போகலை? மேட்டூர் போயி மீன் வறுவல் சாப்பிட்டோம். ஏற்காடு போனோம். மழையில நனைஞ்சுக்கிட்டே திருச்செங்கோடு போனோம். அதுக்கு முன்னால ஆயுசு முழுக்க மொபெட்டுதானுங்களே. அதுல பசங்க, கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை எல்லாம் ஏறும். அவ ஏற இடமே இருக்காது. புல்லட் வந்த அப்புறந்தான் நாங்க ரெண்டு பேரும் மட்டும் போனோம். பின்னாடி உட்கார்ந்தா பேசிக்கிட்டே வருவா. காத்துல பாதி காதுல விழாது. ம், ம்னுட்டே ஓட்டுவேன்."

"ஏன் விட்டுட்டாங்க?"

நல்லுசாமியின் குரல் இறங்கியது. "சாரி கார்டைக் கழட்டினோமுங்க."

பின்சக்கரத்தின் பக்கவாட்டில் இருக்கும் இரும்புக் கம்பித் தடுப்பு அது. ஒரு பக்கமாக உட்கார்ந்து வரும் பெண்ணின் சேலை சக்கரத்துக்குள் போகாமல் இருக்க வைப்பது.

"வண்டியை அழகு பண்றவங்க எல்லாரும் முதல்ல அதைத்தானுங்க கழட்டுவாங்க. அது இருந்தா பால்காரர் வண்டி மாதிரி இருக்குமுங்க."

"கழட்டின அப்புறம்?"

"ராசிபுரம் ரோட்டுல ஒரு நாள் முந்தானை சக்கரத்துல சுத்திக்கிச்சு. பெருசா ஒண்ணும் இல்லைங்க, மெதுவாத்தான் போனோம். சேலை கிழிஞ்சுது. கீழ விழுந்ததுல முழங்கை தேய்ஞ்சுது. அவ்வளவுதான்."

"வண்டிக்கு?"

"வண்டிக்கு ஒரு கீறல் இல்லைங்க, கடவுள் புண்ணியம்!"

இந்தப் பதில் மட்டும் தயங்காமல் வந்தது.

அம்மை கேட்டார்: "கார்டைத் திரும்ப மாட்டலையா?"

"அவ கேக்கலைங்க. நான் பஸ்லயே வந்துக்கிறேன், நீங்க உங்க இஷ்டப்படி பண்ணிக்குங்கன்னு சொல்லிட்டா. சரின்னு பின்னாடி கால் வைக்கிற ஃபுட்ரெஸ்டையும் கழட்டிட்டேன். யாரும் உட்காராதப்ப அது எதுக்குங்க, தொங்கிக்கிட்டு?"

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது. அம்மைக்கு வரவில்லை. அதனால்தான் அவர் குடிலில் இருக்கிறார், நான் கதை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"இன்னைக்கு அவங்க வரலையா?"

"வர்றாங்க. ஒன்பதரை பஸ்ல."

கீழே வளைவில் ஹாரன் கேட்டது. பஸ் நின்று, மூச்சு விட்டு, மறுபடியும் கிளம்பியது.

"வந்துட்டாங்க போல. ஏத்தம் ஜாஸ்தி, வெயில் வேற. போய்க் கூட்டிட்டு வாங்க" என்றார் அம்மை.

"இதோங்க."

நல்லுசாமி பழக்கத்தில் சாவியை எடுத்தார். ஏறி உட்கார்ந்து கிக்கரை உதைத்தார். மிச்சம் இருந்த ஆடுகளும் ஓடின. கியரைப் போடப் போனவர் நின்றுவிட்டார். திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தார். சீட் இன்னும் இருந்தது. கால் வைக்க இடம் இல்லை. அதற்குக் கீழே தடித்த சக்கரம் மொட்டையாக இருந்தது.

எஞ்சினை அணைத்தார்.

"எப்படிங்கம்மா கூட்டிட்டு வர்றது?"

"நடந்து போங்க" என்றார் அம்மை.

நல்லுசாமி இறங்கி நடந்தார். அந்தப் பாதையில் அவர் நடந்ததே இல்லை. இறங்கும்போதே முட்டி வலித்தது. பாதி வழியில் பூங்கொடி எதிரே ஏறி வந்துகொண்டிருந்தார். கையில் துணிப்பை. நாலடி வைப்பதும் நிற்பதுமாக வந்தவர், கணவர் நடந்து வருவதைப் பார்த்ததும் அப்படியே நின்றார். முகம் வெளுத்துவிட்டது.

"என்னங்க, வண்டிக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை."

"கீழ போட்டுட்டீங்களா?"

"இல்லை. மேலதான் நிக்குது."

"பெயின்ட்டு?"

"நல்லா இருக்குது."

பூங்கொடிக்கு அப்புறம்தான் மூச்சு வந்தது. "பயந்தே போயிட்டேன் போங்க" என்று சிரித்தார்.

நல்லுசாமி பையை வாங்கக் கையை நீட்டினார். பூங்கொடி பையை மாற்றிக் கொடுக்கும்போது முழங்கையின் தழும்பு தெரிந்தது. உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துப் போயிருந்தது. அது அவ்வளவு பெரியது என்று நல்லுசாமிக்கு அன்றுதான் தெரியும். ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள்.

இருவரும் ஏறினார்கள். வழியில் பூங்கொடி பஸ்ஸில் நடந்த ஒரு சண்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். காற்று இல்லை. எல்லாம் காதில் விழுந்தது.

குடிலில் பூங்கொடி அம்மையை வணங்கி, பையிலிருந்த நிலக்கடலையை எடுத்து முறத்தில் கொட்டினார். தண்ணீர் குடித்தார். பிறகு கணவர் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிப் பேசினார்.

"அம்மா, நாளைக்கு வண்டியைப் பட்டறைக்கு விடறதைப் பத்தி உங்ககிட்டக் கேக்கணும்னு சொல்லிட்டு இருந்தாருங்க. கேட்டுட்டாருங்களா?"

"கேட்டாரு."

"வேண்டாம்னு மட்டும் சொல்லிடாதீங்கம்மா. நீங்க சொன்னா தட்ட மாட்டாரு, விட்டுடுவாரு. அப்புறம் வீட்டுல மூலையில உட்கார்ந்துக்குவாரு. அதை என்னால பார்க்க முடியாதுங்க. பசங்க, கடன், கல்யாணம்னு இத்தனை வருஷம் எங்களுக்காகவே ஓடினவரு. தனக்குன்னு ஒரு நல்ல சட்டை எடுத்ததில்லை. இப்ப அவருக்குன்னு இருக்கிற சந்தோஷம் அந்த வண்டி ஒண்ணுதானுங்க."

இதில் குத்தல் எதுவும் இல்லை. நாளைக்கு மழை வரும் என்பதைப் போலச் சாதாரணமாகச் சொன்னார்.

அம்மை நல்லுசாமியின் பக்கம் திரும்பினார்.

"அது ஒண்ணுதானா?" என்று கேட்டார்.

நல்லுசாமி வாயைத் திறந்தார். பூங்கொடியும் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், பதில் தெரிந்தவரைப் போல. நல்லுசாமி அவருடைய முழங்கையைப் பார்த்தார்.