மருத மரத்து மந்திகளும் இரண்டு கேமராக்களும்

மானும் மந்தியும் வருகிற கதை இது. கேமராவும் வருகிறது. அதனால்தான் எனக்குப் பயம். நான் அதிகம் படிக்கவில்லை. அந்தப் பெட்டிகளைப் பற்றி எதையாவது மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்று தொடங்கும்போதே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அதில் பிசகு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மானைப் பற்றிச் சொல்வதை மட்டும் கவனமாகக் கேளுங்கள்.

காட்டுக்குள் ஒரு குட்டை இருந்தது. கோடையில் சுற்றுவட்டாரத்து ஓடைகள் எல்லாம் வற்றிவிடும். இந்தக் குட்டையில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். இக்கரையில் ஒரு பெரிய மருத மரம். அக்கரை முழுக்க நாணல்.

மரத்தின் மேல் மந்திகள் வாழ்ந்தன. மரத்தின் கீழே புள்ளிமான்கள் மேய்ந்தன. இரண்டு கூட்டத்துக்கும் ஒரு வழக்கம் இருந்தது. மந்திகள் கொழுந்தைத் தின்றுவிட்டு மிச்சத்தைக் கீழே போடும். மான்கள் அதைத் தின்னும். சிறுத்தையின் வாடை அடித்தால் மான்கள் காலால் தரையை உதைத்து மந்திகளுக்குச் சொல்லும். சிறுத்தையின் தலை தெரிந்தால் மந்திகள் "கக்! கக்!" என்று இருமி மான்களுக்குச் சொல்லும். இருமல் கேட்டால் ஓட வேண்டும். கேட்காதவரை பயமில்லாமல் குனிந்து தண்ணீர் குடிக்கலாம். மான்குட்டிகள் நடக்கப் பழகும்போதே இதையும் பழகிவிடும்.

உச்சிக்கிளையில் காவலுக்கு உட்காருவது நீள்வாலன் என்ற மந்தி. அவனுக்குத் துணையாக அவனுடைய மனைவியின் தம்பி துடியன் இருந்தான்.

ஒரு நாள் சிலர் காடு பார்க்க ஜீப்பில் வந்து குட்டைக்கரையில் இறங்கினார்கள். பக்கத்தில் யானை பிளிறியது. கையில் இருந்த பையைப் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறிப் பறந்துவிட்டார்கள். பைக்குள் இரண்டு கேமராக்கள் இருந்தன. நீள்வாலன் ஒன்றை எடுத்தான். துடியன் மற்றதை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறினான்.

அந்தக் காட்டில் ஒரு மைனா இருந்தது. அது வனப் பங்களாவின் கூரையில் கூடு கட்டியிருந்தது. அங்கே வந்து தங்குகிறவர்கள் பேசுவதையெல்லாம் கேட்டு அப்படியே ஒப்பிக்கும். அது பறந்து வந்து கிளையில் உட்கார்ந்தது.

"ரெண்டுமே மிரர்லெஸ் கேமரா!" என்றது மைனா.

"அப்படின்னா?"

"உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா."

"கண்ணாடி இல்லையா? அப்புறம் நான் எதுல மூஞ்சி பாக்குறது?" என்றான் துடியன்.

"உன் மூஞ்சியப் பாக்காம இருக்கிறதே நல்லது மாப்ளே!" என்றான் நீள்வாலன். "நீ சொல்லு மைனா, எது ஒசத்தி?"

மைனா தொண்டையைச் செருமியது. "உள்ளே ஒரு சில்லு இருக்கும். வெளிச்சம் அதுமேலதான் விழும். அதுக்கு சென்சார்னு பேரு. உன் கையில இருக்கறது பழைய கேமரா. ஆனா சென்சார் பெருசு. மங்கின வெளிச்சத்துலயும் படம் துப்புரவா இருக்கும். துடியன் கையில இருக்கறது புதுசு. சென்சார் சின்னது. இருட்டினா படத்துல மணல் தூவின மாதிரி பொறிப் பொறியா வரும். ஆனா ஓடுற மிருகத்தோட கண்ணை அதுவே தேடிப் புடிச்சு, கட்டம் போட்டுக் காட்டும். தூரத்துல இருக்கறதும் கிட்டத்துல தெரியும்."

"அப்ப எது ஒசத்தி?"

"அதைத்தான் பங்களாவுல ராத்திரியெல்லாம் பேசுவாங்க. ஒருத்தரும் முடிவு சொன்னதில்லை!" என்று சொல்லிவிட்டு மைனா பறந்துபோனது.

அன்றிலிருந்து மரத்தில் ஒரே சண்டை.

"உன் பெட்டி கிழடு மச்சான்! கொக்கு பறந்து ஊர் போய்ச் சேர்ந்த பிறகு உன் பெட்டி முழிக்குது!"

"உன் பெட்டிக்குத்தான் மாலைக்கண்ணு! பொழுது சாஞ்சா எல்லாம் புழுதி!"

மற்ற மிருகங்களும் கட்சி சேர்ந்தன. மயில் துடியன் பக்கம். தோகையில் ஒவ்வொரு இழையும் தெரிந்ததாம். காட்டுப்பன்றி நீள்வாலன் பக்கம். "இதுலதான் என் பின்னால இருக்கிற சேறு எல்லாம் மங்கலாப் போய், நான் மட்டும் லட்சணமா தெரியறேன்!" என்றது.

மரத்தடியில் ஒரு தாய்மான் இருந்தது. அதற்கு ஒரே ஒரு குட்டி. போன வருடத்துக் குட்டி காய்ச்சலில் போய்விட்டது. இந்தக் குட்டியை அது ஒரு மூச்சு நேரம்கூடக் கண்ணைவிட்டு விலக விடாது.

தாய்மான் இரண்டு விஷயங்களைக் கவனித்தது. மேலிருந்து கொழுந்து விழுவது நின்றுபோனது. காவல் மந்திகளின் கைகள் கேமராவில் இருந்தன, மற்ற மந்திகளின் கண்கள் படத்தில் இருந்தன! இன்னொன்று, ஒரு நரி குட்டையின் ஓரம்வரை வந்துவிட்டுப் போனது. மரத்திலிருந்து ஒரு இருமல்கூட வரவில்லை.

"நீள்வாலா, நரி வந்துதே! நீ ஏன் இருமல?" என்று கேட்டது.

"நரிதானே மானக்கா! அருமையா நின்னுச்சு. இருமினா ஓடிடுமேன்னு விட்டேன். படம் பாக்குறியா?"

தாய்மான் குட்டியை உரசிக்கொண்டு நின்றது. வேறு தண்ணீருக்குப் போய்விடலாம் என்று நினைத்தது. ஆனால் வேறு தண்ணீர் வெகு தூரத்தில் இருந்தது. குட்டியின் கால்கள் இன்னும் மெலிவாக இருந்தன. வெயில் கொளுத்தியது. தாய்மான் தங்கிவிட்டது.

ஒரு மாலை. சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. காற்று மானின் முதுகுப் பக்கமிருந்து நாணலை நோக்கி வீசியது. நாணலில் எது இருந்தாலும் அதன் வாடை இந்தப் பக்கம் வராது. குட்டி தாகத்தில் முனகியது.

தாய்மான் மரத்தடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தது. "நீள்வாலா! துடியா! காத்து எதிர்ப்பக்கமா போகுது. என் மூக்கு இன்னைக்கு உதவாது. குட்டி தண்ணி குடிக்கணும். கொஞ்சம் நல்லாப் பாருங்கப்பா!"

"பாத்துக்கிட்டேதான் இருக்கோம் அக்கா!" என்றான் நீள்வாலன். "இன்னைக்குத்தான் முடிவு தெரியப்போகுது. ரெண்டு பேரும் ஒரே இடத்தை ஒரே சமயத்துல எடுக்கப்போறோம்."

"எந்த இடத்தை?"

"எதிர்ல இருக்கிற நாணலை!"

நாணலைத்தானே பார்க்கிறார்கள் என்று தாய்மானுக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது. குட்டியைப் பார்த்துத் தலையசைத்தது. குட்டி துள்ளிக்கொண்டு தண்ணீருக்குப் போனது.

மேலே இரண்டு பொத்தான்களும் அமுங்கின. இரண்டு மந்திகளும் நாணலைவிட்டுக் கண்ணை எடுத்தன. கேமராக்களின் முதுகில் தெரிந்த படங்களை அருகருகே வைத்துப் பார்த்தன. மற்ற மந்திகளும் சுற்றிக் கூடின, மயில் கழுத்தை நீட்டியது.

"பாரு மச்சான்! என் படத்துல நாணலுக்கு நடுவுல கட்டம் விழுந்திருக்கு. கண்ணைப் புடிச்சிருக்கு!" என்று குதித்தான் துடியன்.

"புடிச்சு என்ன? படம் முழுக்கப் பொறி! என்னோடதைப் பாரு. இந்த மங்கல்லயும் மஞ்சள் மஞ்சளாவே இருக்கு, கறுப்பு கறுப்பாவே இருக்கு. ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியா எண்ணலாம்!"

"ஆனா மீசை ரெண்டா தெரியுதே! உன் பெட்டி நடுங்கியிருக்கு!"

"மீசையா?" என்று கீழேயிருந்து கத்தியது தாய்மான். "யாரோட மீசை? அது யாரோட கண்ணு?"

"இரு அக்கா, குறுக்கே பேசாத! கண்ணை இன்னும் பெருசாக்கிப் பாக்கணும்," என்றான் துடியன். "பாத்தியா மச்சான், கண்மணி எவ்வளவு கூர்மையா விழுந்திருக்கு!"

"துடியா! நிமிர்ந்து நாணலைப் பாரு!"

துடியன் நிமிர்ந்தான். கேமராவை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டுதான் நிமிர்ந்தான். விரல் பொத்தானை விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தது.

நாணல் பிளந்தது. சிறுத்தை பாய்ந்தது. தாய்மான் அலறிக்கொண்டு ஓடியது. அது கரையை அடைவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சிறுத்தை குட்டியைக் கவ்விக்கொண்டு நாணலுக்குள் மறைந்தது. தண்ணீர் சிறிது நேரம் கலங்கிக் கிடந்தது. பிறகு தெளிந்தது.

நீள்வாலன் வாயைத் திறந்தான். அப்போதுதான் அவனுக்கு இருமல் வந்தது. "கக்! கக்!" என்றான். யாரும் ஓடவில்லை.

துடியன் கேமராவைக் குனிந்து பார்த்தான். "மச்சான்! பாயறதைக்கூட அசங்காமப் புடிச்சிருக்கு!" என்றான். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்குப் புரிந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டான். மயில் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

தாய்மான் மரத்தடிக்குத் திரும்பி வந்தது. "அதை இறக்குங்க," என்றது.

"வேணாம் அக்கா..."

"இறக்குடா!"

துடியன் தாழ்ந்த கிளைக்கு வந்து கேமராவைக் காட்டினான். படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதல் படத்தில் நாணலிலிருந்து சிறுத்தையின் தலை வெளியே வந்திருந்தது. குட்டி தண்ணீரிலிருந்து முகத்தைத் தூக்கியிருந்தது. அதன் வாயிலிருந்து நீர் சொட்டியது. அது நாணலைப் பார்க்கவில்லை. மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த படத்திலும் மரத்தைத்தான் பார்த்தது. அதற்கடுத்த படத்திலும் அப்படியே.

"சலசலப்பு அதுக்குக் கேட்டிருக்கு," என்றது தாய்மான். "ஆனா நீங்க இருமலையே! அதனால ஓடலாமா வேணாமான்னு உங்களைப் பாத்துக்கிட்டு நிக்குது."

நீள்வாலன் அழுதான். "என் பெட்டி பழசு அக்கா. இதுவும் புதுசா இருந்திருந்தா..."

"உன் பெட்டியிலயும் மஞ்சள் தெரிஞ்சுது. புள்ளி தெரிஞ்சுது. அவன் பெட்டியில கண்ணு தெரிஞ்சுது. ரெண்டு பெட்டியும் சரியாத்தான் சொல்லியிருக்கு. நீங்க ரெண்டு பேரும்தான் என்கிட்ட சொல்லல."

மந்திகள் இரண்டும் கொழுந்துகளை ஒடித்துக் கைநிறையக் கீழே போட்டன. தாய்மான் அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் பொழுது விடிந்ததும் அது அந்தக் குட்டையைவிட்டுப் போய்விட்டது. வெகு தூரம் நடந்து, மரமே இல்லாத ஒரு பாறைவெளிக்குப் போனது. அங்கே ஒரு குழியில் கலங்கிய தண்ணீர் இருந்தது. சிறுத்தை பதுங்க அங்கே ஒரு புல்கூட இல்லை. வெயில் மண்டையைப் பிளக்கும் உச்சிப் பொழுதில்தான் அது தண்ணீருக்கு இறங்கும். நாலு பக்கமும் தன் கண்ணாலேயே பார்க்கும். ஒரு வாய் குடிக்கும். தலையைத் தூக்கி மறுபடியும் நாலு பக்கமும் பார்க்கும். தாகம் ஒருநாளும் முழுதாகத் தீர்ந்ததில்லை, ஆனால் உயிரோடு இருந்தது.

பார்த்துச் சொல்லும் பொறுப்பில் இருப்பவர்கள் கண்ணெதிரே வரும் ஆபத்தை விட்டுவிட்டுத் தங்கள் கருவியின் பெருமையைப் பார்த்துக்கொண்டிருந்தால், அவர்களை நம்பி நிற்பவர்களின் உயிர்தான் போகும்.