லேமினேட் செய்த கடிதம்

இது நடந்தபோது நான் அங்கே இல்லை. சங்கரன்கோவிலில் பேச்சித்தாய் அக்கா சொல்லித்தான் தெரியும். கதையில் வரும் கம்ப்யூட்டர் சென்டரைப் பெருக்கித் துடைப்பவர் அவர். பாதியை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். மீதியை அவரும் கேட்டுத்தான் சொன்னார். நான் எதையும் கூட்டவில்லை. குறைத்திருக்கலாம்.

கோமதிநாயகம் பத்திரம் எழுதுபவர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகையில் இருபத்தெட்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். ஐம்பத்தாறு வயதில் அவர் ஒரு குருவைத் தேடிப் போனார்.

குருவுக்கு முப்பத்தொரு வயது. பெயர் பர்வீன். போட்டோ ஸ்டூடியோ மாடியில் அந்த கம்ப்யூட்டர் சென்டரை நடத்துகிறவர்.

"நீங்க எனக்கு குரு. இதுல வயசுக் கணக்கு கிடையாது," என்று முதல் நாளே சொல்லிவிட்டாராம். எப்போதும் முன் பெஞ்சுதான்.

பின்னால் இருக்கும் பி.காம். பெண்கள் விடமாட்டார்கள். "பத்திரம் தாத்தா, தலையைக் கொஞ்சம் சாய்ங்க. போர்டு மறைக்கி."

"சாய்ச்சா தூங்கிருவேன் தாயி. பரவாயில்லையா?"

ஆறு மாதத்தில் சொந்தமாக ஓர் இணையதளம் தொடங்கிவிட்டார். வில்லங்கச் சான்றை எப்படிப் படிப்பது, பட்டாவில் எதைப் பார்ப்பது, எந்தத் தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. எல்லாம் பத்திரத் தமிழில் இல்லை, பேசுகிற தமிழில். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது பேர் படித்தார்கள். அந்த எண்ணிக்கையைத் தினமும் கொட்டகைக் கரும்பலகையில் எழுதி வைத்தார்.

ஒரு நாள் வகுப்புக்கு லேமினேட் செய்த தாள் ஒன்றுடன் வந்தார்.

"என்ன அண்ணாச்சி, சான்றிதழா?" என்றார் பர்வீன்.

"லெட்டர், டீச்சர். நம்மளத் தேடி வந்த லெட்டர்."

மின்னஞ்சலை அச்சடித்து லேமினேட் செய்திருந்தார். வகுப்பு முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். எழுதியிருந்தவர்கள் தென்றல்பூமி புரமோட்டர்ஸ், வீட்டு மனை விற்பவர்கள். உங்கள் தளத்தைப் பார்த்து வியந்தோம். எங்கள் தளத்துக்கு உங்கள் பக்கத்தில் ஒரு லிங்க் போடுங்கள். உங்கள் தளத்துக்கு எங்கள் பக்கத்தில் ஒரு லிங்க் போடுகிறோம். இங்கே தொட்டவர் அங்கே வருவார், அங்கே தொட்டவர் இங்கே வருவார்.

"அவங்களுக்கு ஒரு நாளைக்கு நாலாயிரம் பேராம், டீச்சர். நமக்கு நாப்பது. ஆனா அவங்கதான் நம்மகிட்ட கேக்காங்க."

வாளியோடு வாசலில் நின்ற பேச்சித்தாய் எட்டிப் பார்த்தார்.

"அந்தக் கம்பெனியா அண்ணாச்சி? நான் மனை பாத்திருக்கேன்லா, அவங்கதான். வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் குடுக்க வரச் சொல்லிருக்கான்."

"நல்லாப் பாத்தியா?"

"நான் என்னத்தப் பாக்க? 'கோமதிநாயகம் அண்ணாச்சி வெப்சைட்டுல எங்க பேரு வரப் போகுது, பாத்துட்டே வாங்க'ன்னான். வந்துட்டா குடுத்துருவேன். பத்து வருஷச் சீட்டுப் பணம், வேற யாரை நம்ப?"

கோமதிநாயகம் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "என் பேரைச் சொல்லியா கேட்டான்?"

"உங்க பேரைச் சொன்னாத்தான் நான் மசிவேன்னு அவனுக்குத் தெரியும்லா."

அவர் சிரித்துக்கொண்டே குருவிடம் திரும்பினார். "சொல்லுங்க டீச்சர். இதுக்கு எப்படிப் பதில் எழுதணும்?"

பர்வீன் கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"நாளைக்கு உங்க கொட்டகைக்கு வாரேன்."

"எதுக்கு டீச்சர்?"

"உங்க தொழிலை நான் பாத்ததே இல்லையே."

மறுநாள் பத்து மணிக்கே வந்துவிட்டார். கோமதிநாயகம் அவருக்கு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீ வாங்கி வரச் சொன்னார். வந்தவர்களிடமெல்லாம் "என் டீச்சர்" என்றார். பர்வீன் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு மணி சுமாருக்கு வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர், நிலத் தரகர், ஓடி வந்தார். உள்ளே அவருடைய டோக்கனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, ஒரு சாட்சி குறையுது. வரவேண்டியவன் பஸ்ஸ விட்டுட்டான். எங்க பார்ட்டிக்கு ஒரு கையெழுத்துப் போடுங்க."

"பார்ட்டி யாரு?"

"அந்தா நிக்காரு, பச்சைத் துண்டு."

"பேரு?"

"உள்ள வந்தா தெரிஞ்சிரும். ஆதார் இருக்கு."

"ஆதாருக்கு அவரைத் தெரியும். எனக்குத் தெரியாதுல்லா."

"மத்தியானம் உங்க பார்ட்டிக்கு நான் போடுதேன் அண்ணாச்சி. உமக்கு நான், எனக்கு நீரு. அவ்வளவுதான?"

கோமதிநாயகம் பேனாவை மூடினார்.

"வே, சாட்சின்னா இந்த ஆளை எனக்குத் தெரியும்னு சொல்லுதது. தெரியாத ஆளை எப்படித் தெரியும்னு எழுத?"

"ஒரு கையெழுத்துக்கு இம்புட்டு கிராக்கியா? கலெக்டரே பச்சை மையில பட்டுன்னு போட்டுட்டுப் போறாரு."

"அப்பம் அவர்ட்டயே போயிக் கேளும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். வெள்ளைச் சட்டைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே பக்கத்துக் கொட்டகைக்குப் போனார். அங்கே கையெழுத்து உடனே கிடைத்தது.

"பாத்தீங்களா டீச்சர்," என்றார் கோமதிநாயகம். குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. "இருபத்தெட்டு வருஷம். தெரியாத ஆளுக்கு ஒரு கையெழுத்து கிடையாது. பக்கத்துல இருக்கவன் நாலு தடவை கோர்ட்டுக் கூண்டுல ஏறிட்டான். நான் கோர்ட்டை ரோட்டுல நின்னுதான் பாத்திருக்கேன்."

"பாத்தேன் அண்ணாச்சி. அந்த லெட்டரைக் கொஞ்சம் எடுங்க."

பைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். பர்வீன் அதைச் சாய்வுப் பலகையில், பத்திரங்களை வைக்கும் இடத்தில் வைத்தார். கோமதிநாயகத்தின் பேனாவைத் திறந்து அதன் மேல் வைத்தார்.

"போடுங்க."

"என்னத்த?"

"கையெழுத்து."

"இது லெட்டருல்லா டீச்சர். லிங்க் வேற, சாட்சி வேற."

பர்வீன் ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தார்.

கோமதிநாயகம் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். தாள் வழவழப்பாக இருந்ததால் பேனா மெல்ல உருண்டது. அவர் பிடித்துக்கொண்டார்.

"பேச்சித்தாய் வெள்ளிக்கிழமைன்னாள்லா," என்றார், யாரிடமும் இல்லாமல்.

பிறகு போனை எடுத்து, ஒற்றை விரலால் அந்தக் கம்பெனிக்கு ஒரு வரி எழுதினார். மனை இருக்கும் இடத்தின் சர்வே எண் என்ன? அது இருந்தால்தான் நிலம் யார் பேரில் இருக்கிறது என்று பார்க்க முடியும்.

சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் பதில் வந்துவிட்டது. "சார், முதலில் லிங்க் போடுங்கள். சர்வே எண் நேரில் தருகிறோம்."

நேரில் தருகிறேன் என்ற எண் எதுவும் நேரில் வந்ததில்லை என்று அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவருக்குத் தெரியாதா?

இன்னொரு வரி எழுதினார். "உங்கள் நிலத்தை எனக்குத் தெரியாது."

சர்வே எண் கேட்டும் தரவில்லை என்று பேச்சித்தாயிடம் அன்று சாயங்காலமே சொல்லிவிட்டார். ஆனாலும் அக்கா வெள்ளிக்கிழமை போனார். பணத்தைக் கொண்டுபோகவில்லை. ஆபீஸில் எல்லோர் முன்னாலும் சர்வே எண் கேட்டார்.

"உங்களுக்கு எதுக்குக்கா அதெல்லாம்?" என்றானாம் அட்வான்ஸ் கேட்ட பையன்.

"மனை எனக்குத்தானல வேணும்? பெறகு வேற யாருக்கு?"

இதைச் சொல்லும்போது அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு நிமிர்ந்து நின்றார். அந்த இடத்தை மட்டும் எனக்கு இரண்டு தரம் சொன்னார்.

அடுத்த வகுப்பில் கோமதிநாயகம் எழுந்து நின்றார்.

"டீச்சர், ஒரு சந்தேகம். இதே மாதிரி இன்னும் ஒன்பது லெட்டர் வந்து கெடக்கு. பாத்திரக்கடை, கல்யாணத் தகவல் மையம், ஊரு பேரு தெரியாதவன் எல்லாம் கேக்கான். அப்பம் யாருக்குமே லிங்க் குடுக்கக் கூடாதா?"

"இதுவரைக்கும் எத்தனை பேருக்குச் சாட்சி போட்டிருப்பீங்க?"

"ஒரு முந்நூறு இருக்கும். எல்லாம் தெரிஞ்ச ஆளு."

"அவங்கல்லாம் உங்களுக்குத் திருப்பிப் போட்டாங்களா?"

"எனக்கா? நான் யார்ட்டயும் கேட்டதில்லையே டீச்சர். தெரியும், போட்டேன். அதுல கேக்க என்ன..."

அவர் நின்றபடியே இருந்தார்.

பர்வீன் சாக்பீஸை எடுத்துப் போர்டுக்குத் திரும்பினார்.

"உக்காருங்க அண்ணாச்சி. பின்னால பிள்ளைகளுக்கு மறைக்கி."

லேமினேட் செய்த கடிதம் இப்போது கொட்டகையில் மை பேடுக்கு அடியில் கிடக்கிறது என்று அக்கா சொன்னார். அதை நான் பார்க்கவில்லை. தளத்தைப் பார்த்தேன். அதில் "எனக்குத் தெரிந்தவர்கள்" என்று ஒரு பக்கம் இருக்கிறது. ஐந்து லிங்க்குகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை வருடமாகத் தெரியும் என்று எழுதியிருக்கிறார். ஐந்தாவது, பர்வீனின் சென்டர்: "ஒரு வருடமாக. முன் பெஞ்சிலிருந்து."

சென்டரின் தளத்தையும் திறந்தேன். அதில் கோமதிநாயகத்தின் தளத்துக்கு லிங்க் இல்லை. சரியாகத்தான் பார்த்தேனா என்று மறுபடியும் தேடினேன். இல்லை. கோமதிநாயகம் அதைக் கேட்கவும் இல்லை.