நான்காவது மைல்

அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் மாடு பார்த்து ஓய்வு பெற்றவர் பொன்னுலிங்கம். அதன் பிறகு குதிரை வைத்தியமும் கற்றுக்கொள்ள அவருக்கு ஆசை வந்தது. தூத்துக்குடிப் பக்கம் குதிரை என்றாலே டாக்டர் ஜெபசீலியைத்தான் சொல்வார்கள். அவருக்கு நாற்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. பொன்னுலிங்கம் அதைப் பெரிதாக நினைக்காமல், "என்னையும் சேத்துக்கிடுங்க டாக்டரம்மா" என்று போய் நின்றார்.

மூன்றாம் மாதம் பிச்சைக்கனி என்பவர் தன் பெட்டைக் குதிரையைக் கொண்டுவந்து விட்டார். மைனா என்று பெயர். வண்டிப் பந்தயத்தில் இரண்டு வருஷம் முதலிடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காத குதிரை. இந்த வருஷம் மூன்று மைல் முன்னால் ஓடும். நான்காவது மைலில் துவண்டுபோகும்.

"நீங்களே பாருங்க அண்ணாச்சி" என்றார் ஜெபசீலி.

பொன்னுலிங்கம் கடிவாளம், வார் எல்லாவற்றையும் கழற்றிவைத்துவிட்டு இரண்டு நாள் பார்த்தார். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். ஒவ்வொரு காலாகத் தடவி, குளம்பைத் தட்டி, பல்லைத் திறந்து பார்த்தார். ரத்தம் எடுத்து அனுப்பினார். தொண்டையை அமுக்கிப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

"நோய் ஒண்ணுமில்ல. வயசாயிட்டு. இனி பந்தயத்துக்கு ஆகாது" என்று பிச்சைக்கனியிடம் சொல்லிவிட்டார்.

பிச்சைக்கனி மைனாவின் நெற்றியைத் தடவிக்கொண்டே நின்றார். "அப்ப ஞாயித்துக்கிழம குடுத்துருதேன். கடற்கரையில பிள்ளைகள ஏத்திச் சுத்த ஒருத்தர் கேட்டிருக்காரு."

அன்று மதியம் பொன்னுலிங்கம் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். ஜெபசீலியிடம் வந்தார்.

"சொல்லிட்டேன். ஆனா மனசு ஒப்பல டாக்டரம்மா. எதையோ விட்டுட்டேனோ?"

"ஓடவிட்டுப் பாத்தீங்களா?"

"இல்ல."

"நாளைக்கு நீங்களும் வண்டியில ஏறிப் போங்க."

மறுநாள் காலை உப்பளச் சாலையில் பிச்சைக்கனி வண்டியை ஓட்டினார். நான்காவது மைலில் மைனா துவண்டது. பொன்னுலிங்கம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"என்ன கேட்டுது?" என்றார் ஜெபசீலி.

"சலங்க கேட்டுது. இவரு அதட்டுனது கேட்டுது."

"ரெண்டையும் நிப்பாட்டிட்டு நாளைக்கும் போங்க."

பிச்சைக்கனிக்குப் பிடிக்கவில்லை. "சலங்க இல்லாம ஓட்டுனா பொண வண்டி கணக்கால்லா இருக்கும்" என்றார். ஆனாலும் அவரே உட்கார்ந்து ஒவ்வொன்றாக அவிழ்த்தார்.

மறுநாள் குளம்படியும் சக்கரமும் மட்டும்தான். உப்பு வாருகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மூன்று மைல் தாண்டியதும் மெலிதாக ஒரு சத்தம் வந்தது. இளநீர் தீரும்போது குழல் உறிஞ்சுமே, அப்படி. மைனா மூச்சை இழுக்கும்போதெல்லாம் அது கேட்டது. பொன்னுலிங்கம் முன்னால் குனிந்து பார்த்தார். கடிவாளத்திலிருந்து நெஞ்சுக்கு ஒரு வார் விறைப்பாக இறங்கியிருந்தது. கழுத்து வில்லாக வளைந்து, மோவாய் நெஞ்சில் இடித்தது.

"இந்த வார எப்பக் கட்டுனீங்க?"

"போன வருஷம் ஜெயிச்சதும் பேனர் வச்சாங்கல்லா. கழுத்து வளைஞ்சு நின்னா போட்டோவுல லெச்சணமா இருக்கும்னு கட்டுனேன். அப்படியே பழகிட்டு."

"ஓடி மூச்சு வாங்கும்போது தொண்டை மடங்கிப் போவுதுய்யா. அவுத்து விடுங்க."

பிச்சைக்கனி வண்டியை நிறுத்தி வாரை அவிழ்த்தார். மைனா கழுத்தை நீட்டி இரண்டு தடவை உதறிக்கொண்டது. அவர் வாரைக் கையில் சுருட்டினார்.

"நான்தான கட்டுனேன்" என்றார்.

"நான் வயசாயிட்டுன்னு சொன்னேன்" என்றார் பொன்னுலிங்கம்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியவில்லை.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் வார் இல்லாமல் ஓட்டிப் பார்த்தார்கள். ஆறு மைல் வரைக்கும் அந்தச் சத்தம் வரவில்லை. வேகமும் குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாங்க வந்தவருக்குப் பிச்சைக்கனி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார். அடுத்த மாதப் பந்தயத்தில் மைனா இரண்டாவதாக வந்தது. பிச்சைக்கனி ஒரு பெட்டி மக்ரூன் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்.

பொன்னுலிங்கம் ஒரு மக்ரூனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பல நாளாகக் கேட்க நினைத்ததை அப்போது கேட்டார்.

"ரெண்டு நாள் பாத்தேன் டாக்டரம்மா. தொண்டையையே மூணு தடவ அமுக்கிப் பாத்தேன். என் கைக்கு அது ஏன் தட்டுப்படல?"

"நின்னப்ப அதுக்கு ஒரு கொறையும் இல்லயே அண்ணாச்சி" என்றார் ஜெபசீலி.